எதிர்வீட்டு ஜன்னலில் விழுந்த வெளிச்சம்

பட்டறைச் சந்தில் அவளுக்குத் தகடக்கா என்று பெயர். அவள் கணவர் எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டிகள் செய்கிறவர். தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்து மொட்டைமாடிகளுக்கு அனுப்புவார். வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகளை அவள் மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள். சமையலறைக்கு ஏதோ செய்துகொள்கிறாள் என்றுதான் சந்துக்காரர்கள் முதலில் நினைத்தார்கள். ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றபோது, இது அடுப்படிக்கு ஆகிற சாமான் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

அப்போது அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, தெருவில் குழாய் உடைந்து ஓடுகிறது என்று காலையில் இருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "பாக்கச் சொல்றேங்க." கோபமும் வராத, நம்பிக்கையும் கொடுக்காத ஒரு குரல் அந்த நாற்காலியில் அவளுக்குப் பழகிப்போனது.

அலுவலகம் போகிற பஸ், ஊர் முடிகிற இடத்தில் கழிமுகத்தை ஒட்டிப் போகும். நீர் ஏறியிருக்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. வடியும்போதுதான் சேறு மடிப்பு மடிப்பாக வெளியே வரும். காய்வதற்கு முன் கொஞ்ச நேரம் வானம் முழுவதும் அந்த ஈரத்தின்மேல் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவள் தகட்டை வளைப்பாள். ஆனால் அவள் செய்ததில் சேறு இருக்காது, தண்ணீர் இருக்காது, பெயருக்கு ஒரு பறவைகூட இருக்காது. மடிப்பும் மினுமினுப்பும் மட்டும் இருக்கும். இது என்னது என்று யாராவது கேட்டால் அவள் திணறுவாள். பதிலுக்கு அவள் கணவர் முந்திக்கொள்வார். "தொட்டிதான். என்ன, தண்ணி நிக்காது."

இப்படித் தொடங்கியது, ஒரு காபிக் கடைச் சுவரில் ஒன்று மாட்டப்பட்டு, அதைப் பார்த்த யாரோ ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டு, பிறகு இன்னொரு கண்காட்சி என்று நீண்டது. பத்திரிகைகளில் அவளை உலோகச் சிற்பி என்று எழுதினார்கள். அவள் வேலையை விட்டாள். கடைசியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரவுண்டானாவில் நிறுத்துவதற்குப் பெரிதாக ஒன்று செய்து தர வேண்டும் என்று மாநகராட்சியே கேட்டது. "வடிந்த நீர்" என்று அதற்குப் பெயர் வைத்தாள். கணவரும் அவளும் வேறு வேலை எதையும் தொடாமல் மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தார்கள். பற்றவைக்கிற வேலை அவருடையது. வளைப்பதும் மெருகு ஏற்றுவதும் அவளுடையது.

மெருகில் அவள் பிடிவாதக்காரி. தகட்டில் முகம் தெரிந்தால் போதாது, முகத்தில் இருக்கிற மச்சமும் தெரிய வேண்டும். கை ஓய்ந்துபோகும்வரை பஃபிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், கணவர் தொட்டி இறக்கப் போயிருந்தார். பெரிய குழிவுத் தகடு ஒன்று முற்றத்தில் சாத்தி வைத்திருந்தது. அவள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தபோது, எதிர்ச் சுவரின் மேடையில் இருந்த பிளாஸ்டிக் குவளை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைக் கண்டாள். எடுத்துப் பார்த்தாள். விளிம்பு இளகி, நாக்கு மாதிரித் தொங்கியது. நிமிர்ந்தாள். தகட்டில் இருந்து வந்த வெளிச்சம் அந்த மேடையின்மேல் ஒரு தட்டு அகலத்துக்கு வெள்ளையாக விழுந்திருந்தது. அதில் கையை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு ஒருபோதும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ரவுண்டானா அகலமான இடம், சுற்றிலும் ரோடு, வெளிச்சம் எங்காவது தரையில் விழுந்துவிட்டுப் போகும் என்று நினைத்தாள். நினைத்ததைச் சரிபார்க்க மனம் வரவில்லை. தகட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். குவளையைப் பழைய இரும்புப் பீப்பாயில் போட்டு, மேலே வெட்டுத்துண்டுகளைக் கொட்டினாள். குவளை எங்கே என்று கணவர் சாயங்காலம் கேட்டதற்கு, உடைந்துவிட்டது என்றாள்.

திறப்பு நாளில் வானம் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகும் மழைக்காலம் முழுக்க அப்படியே போனது. மேகம் அந்தத் தகடுகளில் வந்து படுத்துக்கொண்ட அழகை எல்லோரும் படம் எடுத்தார்கள். புதுமணத் தம்பதிகள் அதன் முன்னால் நின்றார்கள். அவளைப் பேட்டி கண்டார்கள். சந்துக்காரர்கள்கூட அது என்னவென்று கேட்பதை விட்டுவிட்டு, எங்கள் தகடக்கா செய்தது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

மழை விட்டு வானம் வெளுத்த பிறகு ஒருநாள் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ரவுண்டானாவில் மத்தியானத்தில் நடக்க முடியவில்லை, கண் கூசுகிறது என்றார் ஒருவர். அது பரவாயில்லை, எதிர்வீட்டில் பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம் என்றார் மற்றவர். அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். குவளையின் இளகிய விளிம்புதான் முதலில் ஞாபகம் வந்தது.

மறுநாள் உச்சிவேளைக்குப் பிறகு போய்ப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் சாய்கிற சூரியன், கூரையைத் தாண்டி வந்து அவள் தகட்டில் பட்டு, திரும்பி அந்த வீட்டின் முகப்பிலேயே விழுந்துகொண்டிருந்தது. கீழ்த்தள ஜன்னலைச் சுற்றிச் சுவரே வெள்ளையாகப் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு பழைய கம்பளி. கதவில் தையல் வேலை செய்யப்படும் என்று ஒரு பலகை.

வெளியில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். அதற்குள் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு அம்மா நின்றார். ஏறத்தாழ அவள் வயதுதான் இருக்கும்.

"ஆபீஸ்ல இருந்தா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றாள் தகடக்கா.

அந்தப் பதில் பழைய நாற்காலிக்காரியின் வாயில் இருந்து தானாக வந்தது. வந்த பிறகு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு நொடி இருந்தது. அந்த நொடியும் போய்விட்டது.

"எத்தனை தடவ வந்து சொல்லிட்டோம். இப்பதான் வழி தெரிஞ்சுதா மேடம்? உள்ள வாங்க," என்று தையல்காரம்மா வழிவிட்டார்.

அறை இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. ஒரு பக்கம் தையல் மெஷின், அதன்மேல் பட்டப்பகலில் எரிகிற குண்டு பல்பு, பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டைகள். ஜன்னலை ஒட்டியிருக்க வேண்டிய கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மனிதர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மாவின் வீட்டுக்காரர். வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். வாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குள் திரும்புகிற வண்டிகளை ஜன்னல் வழியாகப் பார்த்து, எது சீக்கிரம், எது தாமதம், எந்த டிரைவர் இன்னும் திருப்பத்தில் பிரேக்கை மிதிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வேலை. மத்தியானத்துக்கு மேல் வெயில் எட்டாத ஜன்னல் என்றுதான் கட்டிலையே அங்கே போட்டார்களாம்.

தையல்காரம்மா கணவரின் இடது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக இழுத்துக்கொண்டிருந்தது.

"வெயில் வந்த புதுசுல ஒருநாள், துணி குடுக்கப் போயிட்டு வந்து பாக்குறேன், கை வெந்து கொப்புளம் போட்டிருக்கு. அவருக்கு அந்தப் பக்கம் உணர்வே கிடையாதே. பேப்பர் படிச்சிட்டு இருக்காரு."

"நல்லா வெளிச்சமா இருக்கேன்னு படிச்சேன்," என்றார் கண்டக்டர் வாய் குழற. தான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்கிற மாதிரி லேசாகச் சிரித்தார்.

தகடக்காவுக்குக் காது இரண்டும் கொதித்தது. அந்தத் தோலைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"மேல சொல்றேங்க."

கண்டக்டருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். எதிரில் நிற்பது என்னவென்று மேடத்துக்காவது தெரியுமா என்று கேட்டார். தன் கணக்கில் அது லாரி ஏறி நசுங்கின டிபன் டப்பா என்றார். அதைச் செய்தவர் ஒரே ஒரு மத்தியானம் இந்தக் கட்டிலில் வந்து படுத்துப் பார்க்கட்டும் என்றார் தையல்காரம்மா. அவர்கள் இருவரும் சிரித்தபோது தகடக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "எனக்கும் ஒண்ணும் புரியலைங்க, என்னத்தையோ செஞ்சு வெச்சிருக்காங்க," என்று சொன்னாள்.

பஸ் ஏறி வீட்டுக்கு வரும்வரை அந்த வாக்கியம் வாயில் புளித்துக்கொண்டே வந்தது. பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் யார் என்ன கேலி செய்தாலும் தலையை ஆட்டாதவள், இன்று தானே தன் வேலையைக் காலால் எத்திவிட்டு வந்திருந்தாள். அதுவும் எதற்கு? நல்லவள் போல இரண்டு நிமிஷம் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு.

அவள் மாநகராட்சிப் பொறியாளருக்குப் போன் செய்தாள். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எதிரில் ஒரு மரம் வைத்துவிடலாம் என்றார். மரம் வளரும்வரை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, அதுவரை அவர்கள் திரை போட்டுக்கொள்ளட்டும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்களா போய் எதையும் ஒத்துக்காதீங்க மேடம். ஒத்துக்கிட்டா அது வேற மாதிரி போயிடும்," என்றார். போனை வைத்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

அவள் செய்தது இதுதான். கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான நீலத் திரை ஒன்றை வாங்கினாள். அந்த வீட்டுக்குக் கொண்டுபோய், அலுவலகத்தில் கொடுத்தார்கள் என்று கொடுத்தாள். தையல்காரம்மா துணியை விரலால் நிமிண்டிப் பார்த்து, நல்ல சரக்கு என்றார். தானே ஓரம் அடித்து, அன்றே மாட்டினார். இத்தனை நாளில் ஒருத்தர் வந்து பார்த்ததே பெரிய விஷயம் என்று சொல்லித் தகடக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றாள்.

அதன் பிறகு போகாமல் இருந்திருக்கலாம். போனாள். வாரத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு சாக்கு. மரம் எங்கே வைப்பது என்று பார்க்க வந்தேன் என்பாள். கண்டக்டருக்குப் பத்திரிகை வாங்கிக்கொண்டு போவாள். தண்டனை மாதிரிப் போய் உட்காருவாள். ஆனால் அவர்கள் அவளை நன்றாக நடத்த நடத்த அது தண்டனையாக இல்லாமல் போனது, அதுவும் அவளுக்கு உறைத்தது. கணவரிடம் எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. பட்டறையில் எதையும் தொடவில்லை. அவள் சும்மா இருப்பதைப் பார்த்து அவர், பெரிய வேலை முடித்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, கால்சட்டை ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு கட்டையான ஆள் உள்ளே வந்தார். கிரேன் ஓட்டுபவர். "வடிந்த நீர்" ரவுண்டானாவில் இறங்கியபோது தூக்கி நிறுத்தியவர் அவர்தான்.

"அட, தகடக்கா. நீங்க இங்கதான் தைக்கக் குடுக்கிறீங்களா?" என்றார். பிறகு, பெரிய மனுஷியைத் தனக்குத் தெரியும் என்கிற பெருமையோடு தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "இவங்க யாருன்னு தெரியுமா? எதுத்தாப்ல நிக்குதே, அது இவங்க கையால செஞ்சது. நான்தான் தூக்கி வெச்சேன்."

தையல்காரம்மா அளவு நாடாவை எடுத்து, கிரேன்காரரின் இடுப்பை அளந்தார். எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று கேட்டார். என்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார். அவர் வாசல் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவ்வளவு நேரமும் தகடக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"ஆபீஸ்னு சொன்னீங்க," என்றார் தையல்காரம்மா. 'மேடம்' என்கிற சொல் போய்விட்டது.

"நீங்க கேட்டீங்க. ஆமான்னுட்டேன்."

"இது இப்படிச் சுடும்னு உங்களுக்குத் தெரியாது இல்ல?"

அது கேள்வியாக இல்லை. வெளியே போக ஒரு வழி மாதிரி இருந்தது. தெரியாது என்று சொன்னால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிலைப் பார்த்தாள். கண்டக்டர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றாள். முற்றத்தையும் குவளையையும் அதை ஒளித்ததையும் சொன்னாள். குரல் வெளியே வராததால் சிலவற்றை இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

தையல்காரம்மா எழுந்து போய் நீலத் திரையைக் கம்பியோடு உருவினார். வெளிச்சம் ஒரே அடியாக உள்ளே பாய்ந்தது. அந்தம்மா தன் முதுகை ஜன்னலுக்குக் கொடுத்து, கட்டிலுக்கு நிழலாக நின்றுகொண்டு, திரையை மடித்தார். அவசரப்படவில்லை. மூலைக்கு மூலை சேர்த்து, கடையில் மடிப்பது போல மடித்துத் தகடக்காவின் மடியில் வைத்தார். பிறகு பழைய கம்பளியை எடுத்து ஆணியில் மாட்டினார். அறை மறுபடி இருண்டது.

கண்டக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டிபன் டப்பான்னு சொன்னப்போ, நீங்களும் சிரிச்சீங்களே?"

"சிரிச்சேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, அவளுக்காக வெட்கப்பட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்குமோ என்ற நினைப்புதான் அவளை அதிகமாக வாட்டியது.

அன்று சாயங்காலம் பட்டறையில் கணவர் சட்டி அளவுள்ள மூடி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். தான் பற்றவைத்த மடிப்பு ஒரு மனிதரின் கையைப் பொசுக்கியிருக்கிறது என்பது அவர் முகத்தில் ஏற நேரம் ஆனது.

"என்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே மெருகைத் தேச்சு எடுத்திருப்பேனே," என்றார்.

"அதனாலதான் சொல்லல."

அவர் எழுந்து போய், தகடு தேய்க்கிற கிரைண்டரின் வயரில் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

பொறியாளரை நேரில் போய்ப் பார்த்தாள். அது இப்போது பொதுச்சொத்து, செய்தவரே ஆனாலும் அதில் கை வைக்கக் கூடாது என்றார். வெளிநாட்டில் இருந்து ஒரு குழு அதைப் பார்க்க வருகிறது, அதுவரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலை, தொட்டி ஏற்றுகிற வேனில் ஜெனரேட்டரையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு இருவரும் ரவுண்டானாவுக்குப் போனார்கள்.

கணவர் தான் ஏறுவதாகச் சொன்னார். நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று அவள் உப்புத்தாள் சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஏறினாள். முதல் மடிப்பில் சக்கரத்தை வைத்ததும் கீச்சென்று தெரு முழுக்கச் சத்தம். வானம் தெரிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் விழுந்தது. எத்தனை நாள் உழைத்து ஏற்றிய மெருகு. அவள் கண்ணாடிக்குள் கண்ணீர் வந்து பார்வையை மறைத்தது. அழுவது எதற்கு என்று யோசித்தபோது, கண்டக்டரின் கைக்காக இதுவரை அழவில்லை என்பது ஞாபகம் வந்து, மறுபடியும் குன்றிப்போனாள்.

கூட்டம் கூடிவிட்டது. காவலாளி ஓடிவந்து யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். எவனோ போனைத் தூக்கிப் படம் பிடித்தான். நல்ல பொருளை நாசம் பண்ணுகிறார்கள், பிடித்துக் கொடுங்கள் என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். அவள் கிரைண்டரை அணைத்துவிட்டு, ஏணியில் நின்றபடியே முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"இதைச் செஞ்சது நான்தாங்க. இது அந்த வீட்ல இருக்கிறவர் கையைச் சுட்டிருச்சு. சுடும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் வெச்சேன்."

இதை ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள். போதவில்லை. புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று பார்த்தாள். பழகவில்லை. சிலர் சீ என்றார்கள். சிலர் இதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்றார்கள். கிரேன்காரர் வந்து, தான் அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு, பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

உச்சி சாய்ந்த நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரம்மா ரோட்டைக் கடந்து வந்தார். வெந்நீர் பதம் பார்ப்பது போல மணிக்கட்டின் உள்பக்கத்தை நீட்டிக்கொண்டு, தகட்டின் முன்னால் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தார். தேய்த்த பகுதியில் நடக்கும்போது கை அசையாமல் போனது. ஓரிடத்தில் சட்டென்று மடங்கியது.

"இங்க இன்னும் இருக்கு," என்றார்.

தகடக்கா ஏணியை அங்கே நகர்த்தினாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தம்மா அதே நேரத்துக்கு வந்தார், அதே மாதிரிக் கையை நீட்டி நடந்தார், சுடுகிற இடத்தைச் சொன்னார், திரும்பிப் போனார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கிக் கத்தியபோதும், சுடுகிறதா இல்லையா என்று தையல்காரம்மா தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் கோடியில் இருந்து கோடிவரை கை மடங்காமல் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் ஜன்னலில் கம்பளி இல்லை. கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

பொறியாளர் மிரட்டியபடி வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் வேறு ஊரில் அவளுக்குச் சொல்லிவைத்திருந்த வேலை கைமாறிப் போனது. பெரிய கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. அது நியாயம்தான் என்று அவள் வருத்தப்படாமல் இருந்தாள். கூப்பிடாமல் இருந்ததை அவளால் தாங்க முடிந்தது. மறுபடி கூப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மங்கலான தகட்டை யாரோ ஒரு விமர்சகர் பார்த்துவிட்டு, பளபளப்பைத் துறந்த துணிச்சல், காய்ந்த சேற்றின் மௌனம், கலைஞரின் முதிர்ச்சி என்று எழுதியிருந்தார். ஒரு கலைக்கல்லூரியில் அதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். மெருகை விட்டு இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். ஒரு மனிதருடைய கை வெந்துபோனது, அதனால் தேய்த்தேன் என்றாள் அவள். அரங்கில் சிலர் சிரித்தார்கள், ஏதோ உவமை என்று நினைத்து. அவள் திரும்பவும், உவமை இல்லை என்று, யார் கை, எந்த ஜன்னல், எப்படிப் பொய் சொன்னாள் என்பதுவரை சொன்னாள். அதற்குப் பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார். அடுத்த கேள்வி, தகட்டின் கனத்தைப் பற்றி.

வருஷம் திரும்பியது. ஒருநாள் கிரேன்காரர் பட்டறைக்கு வந்து, தையல்காரம்மா வரச் சொன்னதாகச் சொன்னார். மத்தியானம் போய்க் கதவைத் தட்டினாள். தேய்த்து முடித்த பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

அறை வெளிச்சமாக இருந்தது. கண்டக்டர் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். கையில் அந்தத் தழும்பு மட்டும் சுற்றியிருந்த தோலைவிட வெளுத்து, வழவழவென்று தெரிந்தது. அவர் மேலே காட்டினார். கூரையில், ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வெளிச்சம் ஒன்று விழுந்து லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. தகட்டின் உச்சியில், ஏணி எட்டாத ஏதோ ஒரு மடிப்பின் உள்பக்கத்தில், மெருகு மிச்சம் இருந்திருக்கிறது. இந்த மாதத்து வெயில் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"சுடுதாங்க?" என்று கேட்டாள்.

"மேலதானே இருக்கு. சுடல," என்றார் தையல்காரம்மா. "உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் கண்டக்டர். பஸ் திரும்பும்போது அது ஒரு துள்ளு துள்ளுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாய் குழறக் குழறச் சொன்னார். அவள் செய்ததில் அவர் நல்லது என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

தகடக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அவர் அப்படித்தான் சொல்லுவார்," என்றார் தையல்காரம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "நீங்க தேச்சிடுங்க."

அவள் அடுத்த நாள் கிரேனைக் கூட்டிவந்து, உச்சிவரை ஏறி, அந்த மடிப்பைத் தேடிப் பிடித்துத் தேய்த்தாள். இறங்கி வந்தபோது கண்டக்டர் ஜன்னலில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கும்பிட்டாள். அவர் வலது கையைத் தூக்கவில்லை. பஸ் நிலையத்துக்குள் ஒரு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது, பார்வையை அதன்மேல் போட்டுக்கொண்டார்.